பெட்டி இங்கே, சாவி எங்கே?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதையும் தாண்டினால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று ஃபேக்டரிகள் வரிசை கட்டி நிற்கும். பூந்தமல்லியிலேயே வடக்கே திரும்பினால் ஆவடி, அம்பத்தூர். டாங்கி, சைக்கிள், கார், செல்போன், லேப்டாப் என்று சென்னையின் மேற்கு ஓரம் செய்யாத பொருள் குறைவு. கொஞ்ச நாளாக அந்தப் பட்டியலில் ரூட்டரும் சேர்ந்திருக்கிறது.

2024 செப்டம்பரில் சிஸ்கோ கம்பெனி, ஃப்ளெக்ஸ் என்கிற ஒப்பந்தத் தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் உற்பத்தி தொடங்குவதை அறிவித்தது. முதலில் என்சிஎஸ் 540 வரிசை ரூட்டர்கள். ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையும் சேர்த்து வருஷத்துக்கு 130 கோடி டாலருக்கு மேல், 1,200 பேருக்கு வேலை என்று சொன்னார்கள்.

நல்ல செய்திதான். கம்பெனி பஸ் பிடித்து ஷிஃப்ட்டுக்குப் போகிற 1,200 பேரின் வீட்டில் அடுப்பு எரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் "இனி நாமும் நெட்வொர்க்கிங்கில் பெரிய ஆள்" என்று ஒரு பேச்சு கிளம்புகிறதே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு ரூட்டரை இங்கே ஸ்க்ரூ முடுக்கி, டெஸ்ட் பண்ணி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவது ஒரு வேலை. அந்த ரூட்டர் என்ன செய்யும், எதுவரை செய்யும், எந்த வருஷத்தோடு அதற்கு அப்டேட் நிற்கும் என்று முடிவு செய்வது வேறு வேலை. நெட்வொர்க் தொழிலில் காசும் அதிகாரமும் இரண்டாவதில்தான் இருக்கிறது. மேற்குச் சென்னைக்கு இதுவரை கிடைத்திருப்பது பெரும்பாலும் முதலாவது.

ஏரியும் ஷட்டரும்

செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு பொங்கி ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் யாராவது "ஏரிக்கரைக்கு மண் சுமந்தது யார்?" என்று கேட்டார்களா? இல்லை. ஷட்டரை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்டார்கள்.

அதே நாட்களில்தான் நெட்வொர்க் என்றால் என்ன என்பதும் சென்னைக்குப் புரிந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் மூழ்கி, செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாகின. மாடியில் நிற்பவர் உயிரோடு இருக்கிறார் என்று மதுரையில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லக்கூட வழி இல்லை. ஃபோட்டோ அனுப்பவும் படம் பார்க்கவும்தான் நெட்வொர்க் என்று நினைத்திருந்தவர்கள்கூட, தண்ணீர் லாரியும் பால் பாக்கெட்டும் மாதிரி இதுவும் ஒரு அத்தியாவசியம் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அத்தியாவசியமான ஒன்றின் ஷட்டர் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது தேசபக்தி வசனம் இல்லை. சாதாரண ஜாக்கிரதை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு ரூட்டரையோ சுவிட்சையோ நான்கு அடுக்காகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கு: தகரப் பெட்டி, பவர் சப்ளை, ஃபேன், சர்க்யூட் போர்டு. ஃப்ளெக்ஸ், ஃபாக்ஸ்கான் மாதிரி கம்பெனிகள் ஆர்டர் வாங்கிச் செய்து கொடுக்கும்.

இரண்டாவது: பாக்கெட்டை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளும் சிப். வெளியே வேறு வேறு பெயர் ஒட்டிய பல சுவிட்சுகளுக்கு உள்ளே இருப்பது ஒரே பிராட்காம் சிப்தான். சிஸ்கோ தன் சொந்த சிப் குடும்பத்தை 2019-ல் சிலிக்கான் ஒன் என்ற பெயரில் கொண்டுவந்தது.

மூன்றாவது: ஆபரேட்டிங் சிஸ்டம். சிஸ்கோவுக்கு ஐஓஎஸ், ஜூனிபருக்கு ஜூனோஸ், அரிஸ்டாவுக்கு ஈஓஎஸ்.

நான்காவது: கண்ணுக்கே தெரியாத அடுக்கு. லைசென்ஸ், சப்போர்ட் ஒப்பந்தம், அப்டேட்.

கீழ் அடுக்கில் போட்டி அதிகம், லாபம் கொஞ்சம். மேலே போகப் போக போட்டி குறையும், லாபம் கூடும். கீழ் அடுக்கை ஒரு நாட்டிலிருந்து எடுத்து இன்னொரு நாட்டில் வைக்கலாம். சீனாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது நாளைக்கு வியட்நாமுக்கும் போகலாம். மேல் அடுக்கு அப்படி இடம் மாறுவதில்லை. எழுதியவர்களோடும் சொந்தக்காரரோடும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேல் அடுக்குக்குத் தேவையான மூளை வெளிநாட்டில் மட்டும் இல்லை. இதே பெங்களூர் ரோட்டின் மறுமுனையில் சிஸ்கோவுக்குப் பெரிய வளாகமே இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே தன் இரண்டாவது தலைமையகம் என்று சொல்லி 2007-ல் திறந்தார்கள். ஜூனிபரை 1996-ல் ஆரம்பித்த பிரதீப் சிந்து இந்தியாவில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்தவர். அரிஸ்டாவை 2008 முதல் நடத்தி வளர்த்த ஜெயஸ்ரீ உல்லால் டெல்லியில் பள்ளி படித்தவர். ஆக, ரோட்டின் ஒரு முனையில் பெட்டி தயாராகிறது, இன்னொரு முனையில் கோட் எழுதப்படுகிறது. சாவி மட்டும் சான் ஹோஸேயில் :-)

பூட்டு போடும் வித்தைகள்

வெண்டர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் வியாபாரிகள். ஒருமுறை வாங்கியவர் வேறு கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது வியாபாரம். ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, சொந்த ப்ரோட்டோகால். ஓஎஸ்பிஎஃப் எல்லோருக்கும் பொதுவானது. ஈஐஜிஆர்பி சிஸ்கோவுடையது. நெட்வொர்க் முழுக்க ஈஐஜிஆர்பி ஓட விட்டால் அடுத்து வாங்கும் ரூட்டரும் சிஸ்கோவாகத்தான் இருக்க முடியும். 2016-ல் அதன் விவரத்தை ஆர்எஃப்சி 7868 என்று வெளியிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறை நெட்வொர்க்குகள் அதன் மேலேயே கட்டி முடிக்கப்பட்டிருந்தன.

இரண்டு, ஃபைபர் மாட்யூல். ஃபைபர் கேபிளைச் சொருகும் அந்தச் சின்ன எஸ்எஃப்பி மாட்யூலின் அளவும் இணைப்பும் பல கம்பெனிகள் பேசி வைத்த பொது ஒப்பந்தப்படி இருப்பவை. ஆனால் அதற்குள் இருக்கும் சின்ன மெமரியில் வெண்டர் பெயர் பதிந்திருக்கும். சுவிட்ச் அதைப் படித்துப் பார்த்து, தன் கம்பெனி சரக்கு இல்லை என்றால் போர்ட்டை முடக்கிவிடும். சிஸ்கோவில் அதை மீற "சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்சீவர்" என்று ஒரு கமாண்ட் உண்டு. டைப் அடித்தவுடன் பிரச்சினை வந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி எச்சரிக்கையும் வரும்.

மூன்று, லைசென்ஸ். பெட்டியில் வசதி ஏற்கெனவே இருக்கும். காசு கட்டினால்தான் திறக்கும். 2017-ல் வந்த கேட்டலிஸ்ட் 9000 சுவிட்சுகளோடு சிஸ்கோ, குறைந்தபட்சம் 3 வருஷச் சந்தாவையும் சேர்த்தே விற்க ஆரம்பித்தது. டிவி வாங்கினால் கேபிள் சந்தாவும் கட்டாயம் என்கிற மாதிரி.

நான்கு, கை பழக்கம். இதுதான் பெரிய பூட்டு. சிஸ்கோ கமாண்டுகளுக்கு விரல் பழகிய இன்ஜினியர் வேறு பெட்டியைக் கண்டால் தயங்குவார். அதனால்தான் அரிஸ்டா தன் கமாண்டுகளை சிஸ்கோ மாதிரியே வைத்தது. சிஸ்கோ 2014 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2016 டிசம்பரில் காப்பிரைட் விஷயத்தில் ஜூரி அரிஸ்டா பக்கம் தீர்ப்புச் சொன்னது. காப்புரிமை வழக்குகளும் சேர்ந்து இழுத்து, 2018 ஆகஸ்டில் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. "ஷோ ஐபி ரூட்" என்று டைப் அடிக்கும் பழக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

சர்டிஃபிகேட் மயக்கம்

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? காலேஜில்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் இன்ஜினியரிங் காலேஜ்கள். மூன்றாம் வருஷம் வந்ததும் யாராவது சிசிஎன்ஏ பற்றிப் பேசுவார்கள். அம்பத்தூரிலும் தி.நகரிலும் கோச்சிங் சென்டர், கையில் டம்ப் என்று சொல்லப்படும் கேள்வி-பதில் தாள், ஒரு மாதம் மனப்பாடம், ஒரு நாள் பரீட்சை. ரெஸ்யூமில் ஒரு வரி கூடும்.

சிசிஎன்ஏ மோசமான படிப்பு இல்லை. சப்நெட்டிங்கை ஒழுங்காகக் கற்றுத் தரும் பாடத்திட்டம் அது. பல காலேஜ் சிலபஸ்களைவிட மேல். பிரச்சினை, அதைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. ப்ரோட்டோகால் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல், எந்த கமாண்ட் எந்த வரிசையில் என்று மட்டும் தெரிந்துகொண்டால், கற்றது நெட்வொர்க்கிங் இல்லை. ஒரு கம்பெனியின் பெட்டியை ஓட்டத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு சிஸ்கோவே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் சிசிஎன்ஏ பாடத்திட்டம் மாறியபோது, வருஷக்கணக்கில் மாணவர்கள் உருப்போட்ட ஈஐஜிஆர்பி அதிலிருந்து காணாமல் போனது. பொதுச் சொத்தான ஓஎஸ்பிஎஃப் மட்டும் நின்றது. தன் சொந்த ப்ரோட்டோகாலை அதைப் பெற்ற கம்பெனியே பாடத்திலிருந்து தூக்கிவிட்டது. கமாண்டை உருப்போட்டவருக்கு அன்றைக்கு நஷ்டம். பக்கத்து ரூட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது, வழி போனால் மாற்று வழியை எப்படித் தேடுகிறது என்று புரிந்து படித்தவருக்கு ஒன்றும் குறையவில்லை.

கம்பெனிகளும் அப்படித்தான். 2000 மார்ச்சில் சிஸ்கோ 50,000 கோடி டாலருக்கு மேல் மதிப்போடு உலகத்திலேயே விலை உயர்ந்த கம்பெனியாக இருந்தது. டாட்காம் சரிவில் விழுந்து, அந்த உச்ச விலையை மறுபடி தொட இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கனடாவின் பெருமையாக இருந்த நார்டெல் 2009 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. பெல் லேப்ஸ் வைத்திருந்த லூசன்ட் 2006-ல் அல்காடெல்லோடு சேர்ந்து, 2016-ல் நோக்கியாவுக்குள் கரைந்தது. சிஸ்கோவுக்கே தண்ணி காட்டிய ஜூனிபரை 2025 ஜூலையில் ஹெச்பிஇ வாங்கிவிட்டது.

இத்தனை கலாட்டாவிலும் ஈதர்நெட் இருக்கிறது. டிசிபி/ஐபி இருக்கிறது. 1989-ல் முதல் வடிவம் வந்த பிஜிபி இன்றைக்கும் உலக இன்டர்நெட்டை ஒட்ட வைத்திருக்கிறது. போர்டில் உள்ள பெயர் மாறும், ஆர்எஃப்சி நிற்கும். மூன்று மாதச் சம்பளத்தை எதில் போடுவது என்று யோசிக்கும் மாணவருக்கு இதைவிடப் பெரிய புத்திமதி தேவையில்லை.

சொந்தமாகச் செய்தே இல்லையா?

செய்திருக்கிறார்கள். அதுவும் இதே சென்னையில்.

முதலில் டெல்லிக் கதை. 1984-ல் சாம் பிட்ரோடா முயற்சியில் சி-டாட் தொடங்கியது. 36 கோடி ரூபாய், 36 மாதம் என்று கணக்குச் சொல்லி இறங்கினார்கள். கிராமத்துக்கு ஏற்ற 128 போர்ட் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். ஏசி அறை தேவையில்லை, தூசியும் வெயிலும் தாங்கும். முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூரில் வந்தது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளுகுளு அறைக்காகச் செய்யப்பட்டவை. இந்த ஊர் வெயில் தெரிந்தவர்கள் செய்ததால்தான் இது கிராமத்துக்குப் போனது. வடிவமைப்பு சொந்தமாக இருந்தால் என்ன லாபம் என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து சென்னைக் கதை. தொண்ணூறுகளில் ஒரு வீட்டுக்கு டெலிஃபோன் இழுக்க முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் செலவு. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரோடு இருந்த டெநெட் குழுவும் அந்தச் செலவைக் குறைக்கக் கிளம்பினார்கள். செம்பு வயருக்குப் பதில் ரேடியோ. கார்டெக்ட் என்று பெயர். ஐஐடி ஆட்களே ஆரம்பித்த மிடாஸ் கம்பெனி அதை வடிவமைத்தது, அனலாக் டிவைசஸ் சிப்புக்குக் கை கொடுத்தது. ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கேபிபிஎஸ் வேகத்தில் இன்டர்நெட், பேசாதபோது 70. இன்றைக்குச் சிரிப்பு வரும். டயல்-அப் மோடம் கீ... கீ... என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில், மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் கிராமங்களின் கியாஸ்குகளில் இதை வைத்து இன்டர்நெட் ஓடியது.

பிறகு ஏன் நிற்கவில்லை? வெளிநாட்டுச் சதி என்று ஒரே வார்த்தையில் முடித்தால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அரசு டெலிகாம் ஆர்டர் மெதுவாக வந்தது. அது ஒரு காரணம். செல்ஃபோன் விலை சரசரவென்று இறங்கியது. வீட்டிலேயே நிற்கும் ரேடியோ ஃபோன் எதற்கு, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாமே என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். இன்டர்நெட் தேவையும் கேபிபிஎஸ்ஸிலிருந்து எம்பிபிஎஸ்ஸுக்குத் தாவியது. அடுத்த தலைமுறைப் பெட்டியை வடிவமைக்க, முதல் தலைமுறை விற்ற காசு வேண்டும். அது போதுமான அளவு வரவில்லை. வடிவமைப்பு இருந்தது, வாங்கும் கை இல்லை.

ஆவடிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. கனரக வாகனத் தொழிற்சாலையில் முதலில் வந்த விஜயந்தா டாங்கியின் வரைபடம் பிரிட்டனின் விக்கர்ஸுடையது. அப்புறம் டி-72, சோவியத் லைசென்ஸ். அதே ஆவடியில் சிவிஆர்டிஇ வரைந்தது அர்ஜுன்; அதற்கும் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து. லைசென்ஸ் டாங்கிகள் ஆயிரக்கணக்கில் ஓடின. அர்ஜுனுக்கு வந்த ஆர்டர் முதலில் 124, பிறகு 2021-ல் 118. ஒரே ஊரில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், வரைகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் செய்கிறவர்கள் பக்கம்.

நோக்கியா சொன்னது

செய்வது மட்டும் போதும் என்று இருந்தால் என்ன ஆகும்? அதையும் இந்த ரோடு பார்த்துவிட்டது.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி வந்தது. உலகத்திலேயே பெரிய செல்ஃபோன் ஃபேக்டரிகளில் ஒன்று. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் யூனிஃபார்ம் போட்டு, ஐடி கார்டு மாட்டி வேலைக்குப் போனார்கள். வீட்டில் முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்த முதல் பெண் அவர்தான் என்று எத்தனையோ குடும்பம். 2013-ல் நோக்கியா தன் ஃபோன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவு செய்தது. வரி வழக்கில் சிக்கியதால் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்காக ஃபோன் செய்து கொடுத்தார்கள். ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1-ம் தேதி ஃபேக்டரியும் நின்றது.

தொழிலாளர்களின் கை மோசமில்லை. மெஷின் பழசாகவில்லை. தரத்தில் குறையில்லை. ஆனால் எந்த ஃபோனைச் செய்வது, செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாற்காலி அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. இடம் மட்டும் பிறகு பிழைத்தது. 2019-ல் சால்காம்ப் கம்பெனி அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2014-ல் வேலை போனவர்களுக்கு அந்த ஐந்து வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோக்கியாவின் நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஃபேக்டரி 2008-ல் ஓரகடத்தில் வந்தது. 2018-ல் 5ஜி கருவிகளையும் செய்ய ஆரம்பித்தது. ஆகவே வந்ததெல்லாம் ஓடிவிடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. இருப்பதும் போவதும் யார் கையில் என்பதுதான் கேள்வி.

மறுபக்கம்

வெண்டர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேங்க் நெட்வொர்க் படுத்துவிட்டால், ஃபோன் எடுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். பெரிய வெண்டரின் சப்போர்ட் சென்டர் அந்த வேலையைச் செய்கிறது. இலவச சாஃப்ட்வேர் போட்டவர் அந்த நேரத்தில் மெயிலிங் லிஸ்டில் கேள்வி கேட்டுக் காத்திருக்க முடியாது. நான்கு வெண்டர் பெட்டி கலந்து கிடந்தால், தப்பு யாருடையது என்று ஒருவரை ஒருவர் கை காட்டும் கூத்தும் நடக்கும். ஒரே கம்பெனியில் வாங்கும் அதிகாரி சோம்பேறி இல்லை; பல நேரம் பயந்தவர், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

சொந்தச் சரக்கு என்பதாலேயே நல்ல சரக்கு ஆகிவிடாது என்பதும் உண்மை. பிஎஸ்என்எல் 4ஜி-யைப் பார்க்கலாம். 2020-ல் பழைய டெண்டர் ரத்தானது. டிசிஎஸ் தலைமையில், ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ், கோர் சி-டாட் என்று சொந்தத் தொழில்நுட்பத்தில் செய்ய முடிவானது. 2025 செப்டம்பர் 27-ம் தேதி சுமார் 97,500 கோபுரங்களோடு தொடங்கி வைக்கப்பட்டது. ஜியோ 4ஜி வந்தது 2016-ல். தனியார் 5ஜி வந்தது 2022-ல். அந்த இடைவெளியில் சிம்மை மாற்றிக்கொண்டு போனவர்கள் லட்சக்கணக்கில். தாமதத்துக்கான விலையை பிஎஸ்என்எல்லும் அதை நம்பி இருந்த கிராமங்களும்தான் கொடுத்தன.

ஆனாலும் கார்டெக்டுக்குக் கிடைக்காத ஒன்று இதற்குக் கிடைத்தது: பெரிய, உறுதியான ஆர்டர். 97,500 கோபுரத்தில் ஓடும்போதுதான் தப்பு வெளியே வரும், திருத்த முடியும், அடுத்த வெர்ஷன் நன்றாக வரும். சிஸ்கோவின் முதல் பெட்டியும் குறையே இல்லாமல் பிறக்கவில்லை. வாங்கிய யுனிவர்சிடிகளும் அலுவலகங்களும்தான் அதைத் தேற்றின.

செய்யக்கூடியவை

பெட்டி செய்யும் ஃபேக்டரியை வேண்டாம் என்று சொல்வது முட்டாள்தனம். ஃபேக்டரி வேண்டும். அதோடு நிற்கக்கூடாது, அவ்வளவே. மூன்று இடத்தில் மாற்றம் வேண்டும்.

1. படிக்கிற இடம். காலேஜ் லேபில் லட்ச ரூபாய் ரூட்டர் இல்லை என்று குறைப்படத் தேவையில்லை. தூக்கிப் போட்ட இரண்டு பழைய பிசி, அதில் லினக்ஸ், எஃப்ஆர்ஆர் என்கிற இலவச ரூட்டிங் சாஃப்ட்வேர், கேபிளில் போவதைப் பார்க்க ஒயர்ஷார்க். இது போதும், ஓஎஸ்பிஎஃப்பும் பிஜிபியும் உண்மையாகவே ஓடும். பக்கத்தில் ஆர்எஃப்சி 2328-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடி பாக்கெட் வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்தவருக்கு எந்த வெண்டரின் கமாண்டும் இரண்டு நாள் வேலை. மைக்ரோசாஃப்ட் 2016-ல் வெளியிட்ட சோனிக் என்கிற சுவிட்ச் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கோட் முழுக்கத் திறந்து கிடக்கிறது. உலகத்தின் பெரிய டேட்டா சென்டர்களில் ஓடும் கோட் அது. அதில் ஒரு சின்னத் தப்பைத் திருத்தி அனுப்பி, அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், அந்த ஒரு வரி ரெஸ்யூமில் எந்த டம்ப் சர்டிஃபிகேட்டுக்கும் சளைத்ததில்லை.

2. வாங்குகிற இடம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் டான்ஃபினெட் கையில் இருக்கிறது. காலேஜ், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று வாங்கும் இடங்கள் ஏராளம். ஒரு வெண்டரின் டேட்டாஷீட்டை அப்படியே எடுத்து டெண்டரில் ஒட்டினால் போட்டி அன்றைக்கே முடிந்தது. அதற்குப் பதில் கேட்க வேண்டியது நான்கு: பொது ப்ரோட்டோகால் மட்டும்தானா? வேறு கம்பெனி ஃபைபர் மாட்யூல் வேலை செய்யுமா? சந்தா முடிந்தால் பெட்டி ஓடுமா, படுக்குமா? அப்டேட் எத்தனை வருஷம்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

3. நிலம் கொடுக்கிற இடம். சிப்காட்டில் இடம், வரிச் சலுகை, மின்சாரம் எல்லாம் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறார்கள். எந்த மாதிரி வேலை என்றும் கேட்க வேண்டும். டெஸ்டிங் சாஃப்ட்வேர் எழுதுவது, போர்டு டிசைன், தப்பு கண்டுபிடிக்கும் குழு, இதில் ஒரு பகுதியாவது இந்தப் பகுதிக்கு வர வேண்டும் என்று பேரம் பேசலாம். பேரம் பேச இதுதான் நேரம். சீனாவுக்கு மாற்று இடம் தேடி கம்பெனிகள் தாமாகவே வந்து நிற்கின்றன. ஸ்க்ரூ முடுக்கும் வேலை பத்து வருஷத்தில் மெஷினுக்குப் போகலாம். டிசைன் தெரிந்த ஆள் வேலை போனாலும் இன்னொரு கம்பெனி ஆரம்பிப்பார்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நோக்கியா மூடியபோது அங்கே இருந்தவர்களுக்கு மிஞ்சியது கொஞ்சம் விஆர்எஸ் பணமும் அனுபவச் சான்றிதழும். அதை வைத்து யாரும் ஒரு ஃபோன் கம்பெனி தொடங்க முடியவில்லை, ஏனென்றால் ஃபோன் எப்படி வரையப்பட்டது என்பது அந்த ஃபேக்டரிக்குள் வரவேயில்லை. மிடாஸில் இருந்தவர்கள் கதை அப்படி இல்லை. கார்டெக்ட் போனாலும், ரேடியோவும் ப்ரோட்டோகாலும் தெரிந்த ஆட்கள் சென்னையில் தங்கினார்கள். சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 5ஜி டெஸ்ட்பெட் 2022 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தோற்ற ப்ராஜெக்ட்கூட ஆட்களை விட்டுவிட்டுப் போகும். வென்ற அசெம்ப்ளி லைன் ஷெட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

இனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு புது நெட்வொர்க் கம்பெனிக்கு ரிப்பன் வெட்டும்போது, கைதட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: நாளைக்கு இந்த போர்டைக் கழற்றிக்கொண்டு போனால், இங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?